எழுபத்தொன்பதாவது நிமிடம்

டீசலுக்காகப் பால் லாரியை நிறுத்தியிருந்தேன்,
ஸ்னேக் நகருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரம்.
காபி இயந்திரத்துக்கு மேலே சத்தம் அணைத்த டிவியில்
யெல்மர் ஓசிங்கா கோட்டோரம் நிற்கிறான்.
நான்காம் நடுவர் பலகையைத் தூக்குகிறார்:
சிவப்பில் பதினாறு, பச்சையில் முப்பத்தாறு.
சாக்ஸை இழுத்துவிட்டுக்கொள்கிறான்,
இடதை முதலில், இரண்டு முறை.
இன்னும் அதே.

பதினாலு வயதில் எங்களுக்கு ஒரே அறை,
அகாடமி பையன்களுக்கு இடம் கொடுக்கும்
ஃபெய்ன்ஸ்ட்ரா தம்பதியின் மாடியில்.
ஒரே ஜன்னல், ஒரே சைக்கிள் பம்ப்,
களத்தின் நடுவிலும் ஒரே இடம்.
அதைப் பற்றி மட்டும் பேசியதேயில்லை.
காலையில் எட்டு கிலோமீட்டர் எதிர்க்காற்று.
முன்னால் போகிறவன் காற்றை நெஞ்சில் வாங்குவான்,
பாலத்துக்குப் பாலம் முறை மாறும்.
அவன் தன் முறையை ஏமாற்றியதில்லை.
நான் ஏமாற்றியிருக்கிறேன்.

அவனுக்கு வேகம் கிடையாது.
தலையால் முட்ட வராது.
இடது கால் நிற்பதற்கு மட்டும்.
ஆனால் பந்து வந்து சேருமுன்
தோளுக்கு மேலாக ஒருமுறை பார்ப்பான்,
தெருவைக் கடக்கிறவன் மாதிரி.
மறுபடியும் ஒருமுறை.
பந்து காலைத் தொடும்போது அவனுக்குத் தெரிந்திருக்கும்
யார் எங்கே, யாருக்கு மூச்சு வாங்குகிறது,
எந்தக் கதவு இன்னும் சாத்தப்படவில்லை.
நான் பந்தைப் பார்த்தேன்.
பந்து அழகாயிருந்தது.

கோலுக்கு முந்தைய பாஸுக்குப் பெயர் உண்டு,
பேப்பரில் அதற்கொரு பத்தி உண்டு.
அதற்கும் முந்தையதற்கு ஒன்றுமில்லை.
யெல்மர் அங்கேதான் குடியிருந்தான்.

மே மாதம். மேசைமேல் தண்ணீர் ஜாடி,
கண்ணியமான மூன்று பேர்.
"வெஸ்ஸல், நீ நல்ல பையன்" என்று தொடங்கினார்கள்.
மீதியை அவர்கள் சொல்லியிருக்கவே வேண்டாம்.
நான் இறங்கிய படியில் அவன் ஏறிக்கொண்டிருந்தான்.
திரும்பிப் பார்த்தானா என்று தெரியாது.
நான்தான் பார்க்கவில்லையே.

பிறகு அவனைச் செய்தித்தாளின் கடைசிப் பக்கங்களில் படித்தேன்.
பதினெட்டில் கையெழுத்து;
பக்கத்தில் ஹார்லிங்கன் படகுத்துறையில் வேலை பார்க்கும் அப்பா,
கடன் வாங்கிய கோட்டில்.
முதல் ஆட்டம் ஏழு நிமிடம், ஒன்பது தொடுதல்.
அப்புறம் தெற்கே ஒரு சின்ன அணிக்கு வாடகைக்கு விட்டார்கள்,
அவன் பேச்சைக் கேட்டால் உடைமாற்றும் அறையே சிரிக்குமாம்.
ஜனவரியில், பிளாஸ்டிக் புல்லில்,
பக்கத்தில் யாருமே இல்லாதபோது
முழங்கால் போனது.
பதினோரு மாதம்.

மூன்று முறை எழுதி அழித்தேன்.
கடைசியில் ஒரு கட்டைவிரலை அனுப்பினேன், வெறும் கட்டைவிரல்.
நடுராத்திரியில் பதில்:
"உன் லாரி எத்தனை லிட்டர் பிடிக்கும்?"
"இருபத்தெட்டாயிரம்."
"வளைவில் கொட்டிவிடாதே."
சிரித்தேன்.
அவன் போனது எனக்குக் கொஞ்சம் வசதியாயிருந்ததை
அவனிடம் சொல்லவில்லை,
என்னிடமே அன்றைக்குத்தான் சொல்லிக்கொண்டேன்.

இப்போது எண்பத்தாறு.
தடுப்பாட்டக்காரன் ஒருவன் பதற்றத்தில் அவனுக்குத் தள்ளுகிறான்.
முதுகில் ஆள்.
பார்க்கிறான். மறுபடி பார்க்கிறான்.
ஒரே தொடுதல், வலப்பக்கம்,
பத்து மீட்டர்கூட இருக்காது,
ஆனால் எதிரணியின் பாதி திடீரென்று
தவறான பஸ்ஸில் ஏறிவிட்டவர்களைப் போல் நிற்கிறது.
ஓரத்திலிருந்து உள்ளே, உள்ளேயிருந்து காலுக்கு,
ஓங்கி ஓர் அடி.
கம்பம்.
வெளியே.

கேமரா, தலையில் கை வைத்தவனைத் தேடிப் போகிறது.
திரையின் மூலையில் முப்பத்தாறு
ஏற்கெனவே பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறான்.

என்னையறியாமல் கை தட்டியிருக்கிறேன்,
காபி விரலெல்லாம் வழிந்துவிட்டது.
கல்லாவில் இருந்த பெண் நிமிர்ந்தாள்:
"யார் கோல் போட்டது?"

"யாருமில்லை" என்றேன்.
"நாலாம் நம்பர் பம்ப்."